நுவரெலியாவில் நான் சிப்ஸ் தேடிய கதை

தம்பி,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. பதில் வரவில்லையே, கல்யாணத் தேதி அப்பாவுக்குப் பிடிக்கவில்லையோ என்று நீ குழம்பிக்கொண்டிருப்பாய். தேதியில் ஒரு குறையும் இல்லை. பெண்ணிலும் இல்லை. தலவாக்கலையில் அவர்கள் வீட்டில் இரண்டு தரம் தேத்தண்ணி குடித்திருக்கிறேன், நல்ல ஜனங்கள். என்னைத் தூக்கிவாரிப் போட்டது கடிதத்தின் கடைசியில் வேடிக்கைக்காக நீ எழுதியிருந்த நாலு வரிதான். "அப்பா, நீங்கள் சித்திரை தவறாமல் நுவரெலியாத் தெருவெல்லாம் அலைந்து தேடிய முதல்தரமான சிப்ஸ் கடைசியில் என் கையில் அகப்பட்டுவிட்டது. குளத்துக்கு மேலே இருக்கும் கெஸ்ட் ஹவுஸில் வயர் மாற்றப் போனேன். குசினியில் ரோஸியக்கா என்று ஒருவர். வேலை முடிந்ததும் ஒரு தட்டு பொரித்துக் கொடுத்தார். மேலே தோலோடு ஒரு துண்டு, பிறை மாதிரி. அதைத்தான் முதலில் தின்ன வேண்டுமாம். நீங்கள் கட்டாயம் வந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தாய்.

அதைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டே படித்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குடையை விரிக்கவும் மறந்து பங்களா வரைக்கும் நனைந்துகொண்டே நடந்தேன். அதற்குப் பிறகு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சுற்றி வளைப்பதில் பிரயோசனம் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். உனக்கு அந்தத் தட்டை நீட்டியவள் உன் அக்கா. உனக்கு நாலு வயதாக இருக்கும்போது காய்ச்சலில் செத்துப்போனாள் என்று நாங்கள் சொல்லிவைத்தோமே, அந்தப் பொன்னம்மாதான். அவள் சாகவில்லை. நான் சொன்னது பொய்.

இதைப் படித்துவிட்டு நீ எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வா. எனக்குத் தெரியும், கோபம் வந்தால் நீ அப்படித்தான் செய்வாய், உன் அம்மாவும் அப்படித்தான். திரும்பி வந்து மிச்சத்தைப் படி. ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். கல்யாணம் ஆகப்போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். எனக்கு அதற்கு யோக்கியதை இருக்கிறதா என்று படித்து முடித்த பிறகு நீயே முடிவு செய்துகொள்.

நான் கோக்கி என்பது உனக்குத் தெரியும். பெரிய துரை பங்களாவின் குசினியில் முப்பது வருஷம் நின்றவன். ஆனால் நாம் இப்போது இருக்கிற தோட்டத்துக்கு வருவதற்கு முன்னால், வட்டவளைப் பக்கம் வேறொரு தோட்டத்தில் இருந்தோம். நீ பிறந்தது அங்கேதான். அந்தத் துரைசாணிதான் எனக்குச் சிப்ஸ் பொரிக்கக் கற்றுக்கொடுத்தாள். நம் ஆட்கள் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி மிளகாய்த்தூள் போட்டு வதக்குவார்கள். அவளுக்குச் சுண்டுவிரல் தடிப்பில் நீளநீளமாக வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, துணியில் ஒற்றி, ஒருதரம் லேசாகப் பொரித்து ஆறவைத்து, சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் நல்ல சூட்டில் போட்டு எடுக்க வேண்டும். வெளியே நொறுங்க வேண்டும், உள்ளே மாவாக இருக்க வேண்டும். எனக்கு அது பிடிபட ஆறு மாதமாயிற்று. உன் அக்காவுக்கு ஒரு வாரம் போதுமாயிருந்தது.

அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். உன்னை, கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டுவிடுவோம். உன் அக்கா எட்டு வயதிலிருந்தே பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் குசினிப் பின்வாசலுக்கு வந்துவிடுவாள். சின்னக் கை, கிழங்கு உருண்டு உருண்டு ஓடும். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் ஒரு பக்கத்தைத் தோலோடு சீவி எடுத்துவிடுவாள். கிழங்கு ஆடாமல் பலகையில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மற்றத் தோலைச் சீவிவிட்டுத் துண்டு போடுவாள். அந்த முதல் சீவலை எந்தக் கோக்கியும் குப்பையில் போடுவான். அவளுக்கு மனசு வரவில்லை. அதையும் பொரித்துத் தட்டின் உச்சியில் ஒன்று வைத்துவிட்டாள். நான் எடுத்துவிடப் போனேன். "இருக்கட்டும்ப்பா, அதத்தான் மொதல்ல திங்கணும், அப்பத்தான் மத்தது ருசிக்கும்" என்றாள். துரைசாணிக்கு அது பிடித்துப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தப் பிறை இல்லாமல் தட்டு மேசைக்குப் போனதில்லை. இரண்டாவது தரம் எண்ணெயில் போட்டதும் அவள் வாய்விட்டு எண்ண ஆரம்பிப்பாள். நூறு வந்ததும் எடுக்க வேண்டும். நான் தொண்ணூறில் எடுத்தால் சண்டைக்கு வருவாள்.

இங்கிலீஷ்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போன மறுவருஷம். சித்திரை மாதம். கொழும்பில் பெரிய கம்பெனியில் இருந்த ஒரு துரையும் அவர் மனைவியும் நம் துரை வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார்கள். நுவரெலியாவில் சீசனுக்கு வீடு எடுத்திருந்தார்கள், போகிற வழியில் இரண்டு நாள் தங்கல். சாப்பாட்டு மேசையில் அந்த நோனா சிப்ஸைப் புகழோ புகழ் என்று புகழ்ந்தாள். யார் செய்தது என்று கேட்டாள். தம்பி, நான் "நான்தான் அம்மா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. பின்வாசலில் நின்ற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மேசைக்கு முன்னால் நிறுத்தினேன். "என் மகள்தான் வெட்டினாள், ஒன்பது வயசு" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அந்த நோனா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அப்போது சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து வந்த துரை என்னைக் கூப்பிட்டார். அவர்களுக்குக் குசினியில் கைவேலைக்கு ஒரு பிள்ளை வேண்டுமாம், நன்றாக வைத்துக்கொள்வார்களாம், கொழும்பில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்களாம், வருஷத்துக்கு ஒருதரம் ஊருக்கு அனுப்புவார்களாம். துரை கேட்கவில்லை, சொன்னார். தோட்டத்தில் அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாப் பழியையும் துரை தலையில் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. முடியாது என்று சொன்ன ஆட்களும் தோட்டத்தில் இருந்தார்கள். கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் பிள்ளையைக் கேட்டபோது அடுத்த லயத்து மாரிமுத்து முடியாது என்று சொல்லி, வேலையை விட்டே போனான். நான் மாரிமுத்து இல்லை. "சரிங்க தொரை" என்றேன்.

லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்தவில்லை. நான் பள்ளிக்கூடத்தைச் சொன்னேன், சட்டையைச் சொன்னேன், நல்ல சாப்பாட்டைச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், அது எனக்கு வசதியாக இருந்தது. தம்பி, உனக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்தி இதுதான் போலிருக்கிறது. உன் மனைவி ஒரு காரியத்தில் வாய் திறக்காமல் இருந்தால், அங்கேயே நின்று, அவள் பேசும்வரைக்கும் காத்திரு. அது இரண்டு நாளானாலும் சரி.

உன் அக்கா போகமாட்டேன் என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் முதல் பொய்யைச் சொன்னேன். "ரெண்டே ரெண்டு வாரந்தான். சீசன் முடிஞ்சதும் அப்பா வந்து கூட்டிக்கிட்டு வந்துருவேன். அந்த வீட்டுல தெனமும் சிப்ஸ்தான், ஒனக்கும் ஒரு தட்டு தனியாக் குடுப்பாங்க" என்றேன். அவள் பொரித்த சிப்ஸில் அவள் வாய்க்குப் போனது மேசையிலிருந்து திரும்பி வந்த மிச்சம் மட்டுந்தான். "தனித் தட்டாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அழுகையை நிறுத்திவிட்டுக் காரில் ஏறினாள். பின்கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. நீ அம்மா இடுப்பில் இருந்து கையை ஆட்டினாய்.

தீபாவளிக்கு நானும் அம்மாவும் துணி வாங்கிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனோம். அந்த வீடு பூட்டிக் கிடந்தது. சீசன் முடிந்ததும் எல்லாரும் கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்று தோட்டக்காரன் சொன்னான். அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நம் துரையிடம் கேட்கலாமென்றால் அவர் அதற்குள் லீவில் சீமைக்குப் போய், திரும்பி வரவே இல்லை. துரைசாணி முன்பு எழுதிக் கொடுத்திருந்த கொழும்பு விலாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. தை மாதத்தில் நானே கொழும்புக்குப் போனேன். அந்த விலாசத்தில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது என்றார்கள். கொழும்பு முழுக்க எந்தக் கதவைத் தட்டுவது? நாலு நாள் அலைந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

லயத்தில் பேச்சு ஆரம்பித்தது. பிள்ளையைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறான் என்று தண்ணி பிடிக்கும் பீலியடியில் பெண்கள் அம்மாவின் காது படப் பேசினார்கள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. தோட்டம் மாறி இங்கே வந்தோம். இங்கே முதல் நாளே பக்கத்துக் காம்பராக்காரி "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஒரே பையன். மூத்தது பொண்ணு, காய்ச்சல்ல போயிருச்சு." அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. உனக்கும் அதையே சொல்லி வளர்த்தோம். ஆனால் ஒன்றைக் கவனித்திருப்பாய். தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்போமே, அதில் அம்மா உன் அக்காவுக்கு ஒருநாளும் இலை போட்டதில்லை. பன்னிரண்டு வயதில் நீ கேட்டாய், "அக்காவுக்கு ஏம்மா எல இல்ல?" என்று. "உசுரோட இருக்குறவளுக்குப் படைக்கக் கூடாது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அம்மா உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று உன்னிடம் நான் சொன்னேன். அந்தப் பாவத்தையும் சேர்த்துக்கொள்.

இனி நீ கேலி பண்ணும் சித்திரைக்கு வருகிறேன். கொழும்புக் குடும்பங்கள் சீசனுக்கு மலையேறும்போது அவளும் அவர்களோடு வருவாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. வருஷா வருஷம் லீவு கேட்டு, றொசல்லையில் ரயில் ஏறி, நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து, உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். நுவரெலியாவில் கிழங்கு பொரிக்கிற இடம் ஒன்று விடாமல் நாம் போயிருக்கிறோம். மார்க்கெட்டுக்குப் பக்கத்துப் பாய் கடையில் தேங்காயெண்ணெயில் மெலிசாகப் பொரித்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுப்பார், உனக்கு அதுதான் இஷ்டம். ரேஸ் மைதானத்துக் கொட்டகையில் பழைய எண்ணெயின் கறுப்பு ஒட்டியிருக்கும். பெரிய ஹோட்டலின் பின்வாசலில் மாட்டுக் கொழுப்பு வாசம் வரும், நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு மதில் பக்கம் போய் நிற்பாய். கிளப் குசினியில் இருந்த கோக்கி எனக்குப் பழக்கமானவர். உண்மையைச் சொன்னால் நுவரெலியாவிலேயே கைதேர்ந்த சிப்ஸ் அவருடையதுதான். ஆனால் நான் தட்டை வாங்கியதும் மேலே பார்ப்பேன். பிறை இருக்காது. ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு மிச்சத்தை உன்னிடம் தள்ளிவிடுவேன். "இது எப்படி இருக்கு?" என்று நீ கேட்பாய். "இது இல்ல" என்பேன். அப்பாவுக்கு எதுவும் பிடிக்காது, துரை வீட்டு நாக்கு என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்தது எனக்குத் தெரியும். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இங்க பொன்னம்மான்னு ஒரு புள்ள வேல செய்யுதா?" என்று நீ இல்லாத சமயமாகப் பார்த்து ஒவ்வொரு பின்வாசலிலும் கேட்டேன். யாரும் ஆமாம் என்று சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? அந்த நோனாவுக்குப் பொன்னம்மா என்று வாயில் வரவில்லையாம், போன முதல் நாளே ரோஸி ஆக்கிவிட்டார்களாம். இது எனக்குப் போன வாரந்தான் தெரியவந்தது. பங்களாக்களில் நம் பிள்ளைகளுக்கு அப்படிப் பெயர் மாற்றுவது வழக்கம். என்னையே ஒரு துரை மூன்று வருஷம் ஜேம்ஸ் என்று கூப்பிட்டார். முப்பது வருஷம் பங்களாவில் வேலை பார்த்தவனுக்கு அது தோன்றாமல் போனதை என்னவென்று சொல்வது?

அம்மா ஒருதரமும் நம்மோடு வரவில்லை. விடிகாலையில் ரொட்டி சுட்டுத் துணியில் கட்டிக் கொடுத்துவிட்டு, "இந்தத் தடவ நல்லாப் பாத்துட்டு வாங்க" என்பாள். சாயங்காலம் நாம் வரும்போது வாசலில் நிற்பாள். நான் தலையை ஆட்டியதும் உள்ளே போய்விடுவாள். உருளைக்கிழங்கை அவள் வீட்டில் சமைத்ததே இல்லை என்பது இப்போது உனக்குப் புரியும். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை, அதுதானே என் பிழைப்பு. பதினாறு வருஷமாக இரண்டாம் தரம் கிழங்கை எண்ணெயில் போட்டதும், என் முதுகுக்குப் பின்னால் ஒரு பிள்ளை எண்ணுவது கேட்கும். மனப்பிரமைதான், தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்ப்பேன். நூறு வரைக்கும் கேட்க என்னால் முடிந்ததில்லை, அதற்குள் சட்டியை இறக்கிவிடுவேன். சிப்ஸ் வெளுத்துக் கிடக்கிறது என்று மூன்று துரைமார் என்னைத் திட்டியிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா கண்மூடியபோது நீ டிஸ்பென்சரிக்கு ஓடியிருந்தாய். "சித்திர வந்துருச்சா?" என்றுதான் கடைசியாக என்னிடம் கேட்டாள். அது ஐப்பசி மாதம். நான் வந்துவிட்டது என்றேன்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் நான் நுவரெலியாவுக்குப் போனேன். உன்னைப் பார்க்க வரவில்லை, தெருவில் உன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று குளக்கரையைச் சுற்றிப் போனேன். அந்தக் கெஸ்ட் ஹவுஸ் வாசலைப் பல தடவை கடந்து போயிருக்கிறேன். போர்டும் இல்லை, கடையும் இல்லை, யாரோ வெள்ளைக்காரர் வீடு என்று நினைத்து உள்ளே போனதே இல்லை. பின்வாசலில் நின்று கனைத்தேன். உள்ளே ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு பக்கத்தைத் தோலோடு சீவினாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். உன் அம்மாவின் நெற்றி, அப்படியே. கத்தி அவள் கையிலேயே நின்றது.

"உள்ள வந்து உக்காருங்க" என்றாள். அப்பா என்று கூப்பிடவில்லை. தேத்தண்ணி ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு மறுபடியும் பலகைக்குப் போய்விட்டாள்.

"பொன்னம்மா" என்றேன்.

"இங்க அந்தப் பேரு யாருக்கும் தெரியாது. ரோஸின்னு கூப்பிடுங்க."

"ஒன்னையத் தேடாத எடமில்ல ஆயி. பதினாறு வருசமா..."

"தேடுனீங்களா?" அவள் குரல் உயரவில்லை. "கொழும்புத் தொரை சீமைக்குப் போனப்போ என்னைய இந்த வீட்டு நோனாகிட்ட விட்டுட்டுப் போனாரு. ஆறு வருசமாச்சு. வந்த ஒடனே லீவு கேட்டுக்கிட்டு நம்ம பழைய தோட்டத்துக்குத்தான் போனேன். நம்ம காம்பராவுக்கு அடுத்த காம்பராக் கெழவி என்னையப் பாத்ததும் அலறிக்கிட்டு உள்ள ஓடிக் கதவச் சாத்திக்கிட்டா. பேயின்னு நெனச்சுட்டா. நீ செத்துட்டதா உங்கப்பன் புதுத் தோட்டத்துல சொல்லியிருக்கானேடின்னு கதவுக்குப் பின்னாலருந்து கத்துறா. லயத்துல எல்லாரும் வெளிய வந்து பாக்குறாங்க, ஒருத்தரும் கிட்ட வரல. செத்தவ எதுக்கு வீடு தேடிப் போகணும்னு திரும்பிட்டேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. தேத்தண்ணி ஆறிப்போகுது, குடிங்க என்றாள். அப்புறம் உன்னைப் பற்றிக் கேட்டாள். வயர் மாற்றிக் கொடுத்தவன்தான் என்று சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் பயலா? ரெண்டாவது தட்டு கேட்டு வாங்கித் தின்னானே!" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவள் முகத்தில் பழைய பிள்ளை தெரிந்தது. அந்தத் தைரியத்தில்தானோ என்னவோ, அவள் அடுத்ததாகக் கேட்டாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா" என்றேன்.

தம்பி, அந்த வார்த்தை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது, அதற்குப் பிறகு அதைத் திரும்ப எடுக்க எனக்கு நாக்கு எழவில்லை. இன்னும் கொழுந்துக்குப் போறாங்களா என்று கேட்டாள், இப்ப போறதில்ல என்றேன். அவள் அறைக்குப் போய் ஒரு நீலக் கம்பளிச் சட்டையை எடுத்துவந்தாள். அவளே பின்னியது, கொழும்பு நோனா கற்றுக்கொடுத்ததாம். "கை நீளம் சரியா இருக்குமான்னு பாக்கணும், ஒங்க கைய நீட்டுங்க. அம்மா கை ஒங்க கையவிடக் கொஞ்சம் கட்டைதானே?" என்று, சட்டையின் கையை என் கைமேல் வைத்து அளந்தாள். நான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினாறு வருஷத்துக்குப் பிறகு என் மகள் என்னைத் தொட்டாள், செத்துப்போன அவள் அம்மாவின் அளவு எடுப்பதற்காக.

புறப்படும்போது பின்வாசல் வரைக்கும் வந்தாள். "இந்த ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயித்துக்கெழம நோனாகிட்ட லீவு கேக்குறேன். காலைல கோச்சில றொசல்லைக்கு வர்றேன். ஒங்களுக்காக இல்ல. அம்மாவப் பாக்கத்தான் வர்றேன், அத மனசுல வச்சுக்கங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்றைக்குப் புதன்கிழமை. நான் முதலில் என்ன நினைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன் தெரியுமா? நீ ஞாயிற்றுக்கிழமை அதே ரயிலில் அவளோடு வா, வாயைத் திறக்காதே, றொசல்லை ஸ்டேஷனில் இறங்கியதும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று உனக்கு எழுதுவதாக இருந்தேன். அவள் நம் ஊர் ஸ்டேஷனில் வந்து இறங்குவதை ஒருதரமாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை. இவ்வளவு தூரம் எழுதிவந்த பிறகுதான் உறைக்கிறது. அன்றைக்கு ஒரு பொய்யைச் சொல்லிக் காரில் ஏற்றினேன், இன்றைக்கு ஒரு பொய்யைச் சொல்லி ரயிலில் ஏற்றப் பார்க்கிறேன். அந்தக் கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டு அவள் வருவாள். கூடாது. இனிமேல் அவளுக்கு அந்தத் துரோகத்தைப் பண்ண மாட்டேன்.

சனிக்கிழமை முதல் ரயிலில் நான் வருகிறேன். பத்து மணிக்கு அந்தப் பின்வாசலில் நிற்பேன். உள்ளே தனியாகப் போய், அம்மா இல்லை, மூன்று வருஷமாகிறது, நான் பொய் சொன்னேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதை எனக்காக நீ சொல்லிவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதே. எனக்குப் பரிந்து பேசவும் வராதே, அப்பா பாவம் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாதே. அவள் என்னைத் துரத்துவாள். துரத்தட்டும். உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னாலும் வற்புறுத்தாதே. நான் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்பதுதான் அவள் வருவதற்கு நிபந்தனை என்றால், நான் சமையல் கொட்டகையில் இருந்துகொள்கிறேன், எனக்குப் பழகிய இடந்தான்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பத்து மணிக்கு அந்த வீட்டு மதிலோரம் வந்து நில். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவேன். நீ என் பின்னால் வராதே, நான் எப்படியோ ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். நீ உள்ளே போ. அம்மா கடைசி நாட்களில் எப்படி இருந்தாள், என்ன பேசினாள், எப்படிச் சிரிப்பாள், எதற்குக் கோபப்படுவாள் என்று அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல். கேட்காவிட்டால் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு. அவளுக்கு அம்மா செத்தது சனிக்கிழமைதான். அந்த அம்மாவுக்காக அவளோடு உட்கார்ந்து அழுவதற்கு இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான் இருக்கிறாய்.

அப்பா